வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்?



இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் என்னைக் கேட்டனர். கல்வியின் சிறப்பு, காலத்தின் அருமை, தாய்மொழிப் பற்று ஆகிய தலைப்புகளில் எழுதுவதற்கு நம்மிடையே தகுதி மிக்கோர் பலர் உள்ளனர். நானோ ஒரு கணினி விளையாட்டைப் பற்றி எழுத விரும்பினேன். "பிள்ளைகளின் படிப்பைக் கெடுக்கும் பொருளைப் பற்றி ஓர் ஆசிரியரே எழுதலாமா?" என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஈராண்டுகளுக்கு முன்னர் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவம் பயிலும் என் மகன் கணினியின் முன் அமர்ந்திருந்தபோதெல்லாம் அவனைக் கடிந்துகொண்டவன் நான்.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள் அவன், "அப்பா, ஒருமுறை நீங்களே விளையாடிப் பாருங்கள். அதன் பிறகு ஏசுங்கள்" என்றான். நியாயமான வேண்டுகோளாகவே தோன்றியது. விளையாடினேன். அவ்விளையாட்டு, நான் 20 ஆண்டுகளாக ஆசிரியப் பணியில் செய்து வந்த ஒரு பிழையை எனக்குக் காட்டிற்று. அதனைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

விளையாட்டின் இயல்பு

இவ்விளையாட்டின் பெயர் ஃபுட்பால் மேனேஜர் என்பதாகும். காற்பந்துக் குழு நிர்வாகி என்று நாம் பொருள் கொள்ளலாம். பால் கோலியர், ஆலிவர் கோலியர் என்னும் உடன்பிறந்தார் இருவர் உருவாக்கி, 1992-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த சாம்பியன்ஷிப் மேனேஜர் என்னும் விளையாட்டே இதற்கு மூலம். 2004-ஆம் ஆண்டு முதல் இப்போதைய பெயரில் வெளிவருகின்றது. 2025 நவம்பரில் வெளிவந்த பதிப்பில் பெண்கள் காற்பந்தும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

இதில் விளையாடுபவர் பந்தை உதைப்பதில்லை. ஒரு குழுவின் நிர்வாகியாகப் பொறுப்பேற்று, எவரை ஆடவைப்பது, எவருக்கு என்ன பயிற்சி அளிப்பது, எவரை வாங்குவது, எவரை விற்பது என்றெல்லாம் முடிவு செய்கின்றார். நாம் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தவுடன் திரையில் ஒரு பெயர்ப்பட்டியல் தோன்றுகின்றது. இருபது முப்பது பேர் அதில் இருப்பர். அவருள் ஒருவரையேனும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. நமக்கு முன்பிருந்த நிர்வாகி தம் விருப்பத்திற்கும் தேவைக்கும் ஏற்பச் சேர்த்து வைத்துவிட்டுச் சென்ற கூட்டம் அது. அக்கூட்டத்தை என்ன செய்வது என்பதே இவ்விளையாட்டின் முதற் கேள்வி. என் கருத்தில் அதுவே தலையாய கேள்வியும் ஆகும்.

நான் செய்த பிழை

இங்கிலாந்தின் நான்காம் நிலைப் பிரிவில் இருந்த ஒரு சிறிய குழுவை நான் ஏற்றுக்கொண்டேன். பட்டியலில் 28 பேர் இருந்தனர். ஒவ்வோர் ஆட்டக்காரரின் திறனும் 1 முதல் 20 வரையிலான எண்களால் குறிக்கப்பட்டிருந்தது. எண்களைக் கண்டவுடன் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. மதிப்பெண் பட்டியலைப் பார்த்துப் பழகிய கண்கள் அல்லவா! வேகம் என்னும் வரிசையை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். குறைந்த எண் பெற்றிருந்த ஐவரை முதல் நாளிலேயே விற்பனைப் பட்டியலில் சேர்த்தேன். அவருள் ஒருவர் 33 வயது நிரம்பிய நடுத்திடல் ஆட்டக்காரர். அவருடைய வேகம் வெறும் 6. வாங்குவதற்கு எவரும் முன்வராமையால் ஒப்பந்தத்தை முறித்து, இழப்பீட்டுப் பணமும் கொடுத்து அனுப்பிவைத்தேன். எஞ்சிய பணத்தில் வேகமாக ஓடக்கூடிய இளைஞர் மூவரைச் சேர்த்தேன்.

என் குழு வேகமாக ஓடியது. ஓடி ஓடித் தோற்றது. டிசம்பர் மாதத்தில் பட்டியலின் கடைசி இடத்திற்கு வந்துவிட்டோம். ஆட்டக்காரர்கள் என்மீது நம்பிக்கை இழந்துவிட்டனர் என்று உதவிப் பயிற்றுநர் அறிவித்தார். ஜனவரி மாதத்தில் நிர்வாகக் குழு என்னைப் பணியிலிருந்து நீக்கியது. என் மகன் சிரித்துக்கொண்டே அந்தப் பழைய ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்து காட்டினான். "அப்பா, நீங்கள் ஒரே ஓர் எண்ணைத்தான் பார்த்தீர்கள். இவருடைய தலைமைப் பண்பைப் பாருங்கள், 17. முடிவெடுக்கும் திறன் 15. குழுவின் தலைவரே இவர்தான். உடைமாற்றும் அறையில் எல்லாரும் இவர் சொல்லைத்தான் கேட்டனர்" என்றான்.

அந்த எண்கள் யாவும் முதல் நாளிலும் அங்கேதான் இருந்தன. நான் பார்க்கவில்லை.

எண்கள் சொல்வனவும் சொல்லாதனவும்

இவ்விளையாட்டின் எண்களை எள்ளி நகையாடுவதற்கில்லை. பல நாடுகளிலும் உள்ள பார்வையாளர்கள் உண்மையான ஆட்டக்காரர்களை நேரில் கண்டு திரட்டித் தரும் விவரங்களே அவை. 2008-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எவர்ட்டன் காற்பந்துக் குழு, ஆட்டக்காரர்களைத் தேடும் பணிக்கு இவ்விளையாட்டின் தகவல் திரட்டைப் பயன்படுத்திக்கொள்ள உடன்படிக்கை செய்துகொண்டது. ஆயினும் எண்களைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு.

முதலாவதாக, ஆட்டக்காரரின் திறன்கள் மூவகைப்படும். பந்தை வழங்குதல், தடுத்தல், கோலடித்தல் போன்றவை ஆட்ட நுட்பங்கள். வேகம், வலிமை, தாங்கும் ஆற்றல் போன்றவை உடல் திறன்கள். முடிவெடுத்தல், மனவுறுதி, கூட்டுணர்வு, தலைமைப் பண்பு போன்றவை மனத்திறன்கள். உடல் திறன்களையே கண் முதலில் நாடும். முப்பது வயதைத் தாண்டியவருக்கு அவையே முதலில் குறையும். மனத்திறனோ பட்டறிவால் வளரக்கூடியது.

இரண்டாவதாக, திரையில் தோன்றாத எண்களும் உள்ளன. ஒருவர் ஆட்டத்திற்கு ஆட்டம் ஒரே தரத்தில் ஆடுவாரா, முக்கியமான ஆட்டத்தில் நடுங்கிவிடுவாரா, அடிக்கடி காயமுறுவாரா என்பனவற்றை இவ்விளையாட்டு நமக்கு எண்ணாகக் காட்டுவதில்லை. பயிற்றுநர்களின் அறிக்கையாலும் பல ஆட்டங்களைக் கண்டுமே அவற்றை ஊகித்தறிய வேண்டும்.

மூன்றாவதாக, பயிற்றுநர்கள் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் நட்சத்திரங்கள் வழங்கி அறிக்கை தருகின்றனர். அவை நம் குழுவில் உள்ள பிறரோடு ஒப்பிட்டு வழங்கப்படுபவை. எளிய குழுவில் நான்கு நட்சத்திரம் பெற்றவர் வலிய குழுவுக்குச் சென்றால் இரண்டுதான் பெறுவார். மேலும், மதிப்பிடும் பயிற்றுநருக்கே மதிப்பிடும் திறன் என்று ஓர் எண் உண்டு. அது குறைவாக இருந்தால் அவர் தரும் நட்சத்திரமும் பிழைபடும். மதிப்பெண்ணைப் பார்க்கும்போது மதிப்பிட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும் என்னும் இவ்வுண்மையை, ஆசிரியராகிய நான் ஒரு விளையாட்டிலிருந்து கற்க நேர்ந்தது.

ஏற்ற குழுவை அறியும் வழி

இரண்டாம் முறை அதே குழுவை ஏற்றேன். இம்முறை பருவத்திற்கு முந்திய நட்புமுறை ஆட்டங்கள் முடியும்வரை ஒருவரையும் வாங்கவில்லை, ஒருவரையும் விற்கவில்லை. ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்துக் கீழ்க்காணும் ஐந்து கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் விடை தேடினேன்.

1. எந்த இடத்திற்கு எவர்? திடலில் பதினொரு இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திற்கும் இருவர் பெயரை எழுத வேண்டும். எழுதிப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். 28 பேர் இருந்தும் என் குழுவில் நடுத்தற்காப்புக்கு அறுவரும், இடப்பக்கத் தற்காப்புக்கு ஒருவரே ஒருவரும் இருந்தனர். அந்த ஒருவர் காயமுற்றால் எஞ்சிய 27 பேரால் பயனில்லை. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில், இளையோர் நீங்கலாக 25 பேருக்கு மேல் பதிவு செய்ய விதி இடந்தராது. ஆகவே எண்ணிக்கை மிகுதியைக் குழுவின் வலிமையாகக் கருதுதல் தவறு.

2. வயது என்ன, ஒப்பந்தம் எப்போது முடிகின்றது? 1995 டிசம்பர் 15-ஆம் நாள் ஐரோப்பிய நீதிமன்றம் போஸ்மன் என்னும் ஆட்டக்காரரின் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அதன்படி ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர் ஒருவர் ஒப்பந்தம் முடிந்தபின் அவ்வொன்றியத்தின் வேறொரு நாட்டுக் குழுவுக்கு மாற்றுத்தொகையின்றிச் செல்லலாம். விளையாட்டிலும் அவ்வாறே. என் குழுவின் சிறந்த நால்வருக்கு ஒரே ஜூன் மாதத்தில் ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. முதன்முறை நான் புதியவர்களைத் தேடி அலைந்துகொண்டிருந்தபோது, இருந்தவர்கள் போய்விடும் நிலையில் இருந்தனர்!

3. ஊதியம் எவருக்கு எவ்வளவு? மிகுந்த ஊதியம் பெறுபவர் மிகுதியாக ஆடுகின்றாரா என்று பார்க்க வேண்டும். ஆடாதவருக்குச் செல்லும் ஊதியம், வளர வேண்டிய இளைஞருக்குச் சேராத ஊதியமாகும்.

4. எவருடைய சொல் எடுபடுகின்றது? 2017-இல் வெளிவந்த பதிப்பு முதல், ஆட்டக்காரரிடையே உள்ள செல்வாக்கையும் நட்புக் குழுக்களையும் இவ்விளையாட்டு தனிப்பக்கத்தில் காட்டி வருகின்றது. தலைவராக விளங்கும் ஒருவரை அவமதித்து அனுப்பினால், அனுப்பப்படாதவர்களும் மனம் நோவர்.

5. இருப்பவருக்கு ஏற்ற ஆட்டமுறை எது? நாம் விரும்பும் முறையை முதலில் வகுத்துக்கொண்டு ஆட்களை அதற்குள் திணிக்கலாகாது. பக்கவாட்டில் ஓடக்கூடியவர் இல்லாத குழுவுக்குப் பக்கவாட்டுத் தாக்குதல் எதற்கு? அவரவர் இயல்பை அறிந்த பின்னரே முறையை வகுத்தல் வேண்டும்.

இவ்வைந்து கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னர் மூவரை விற்று இருவரை வாங்கினேன். அந்த 33 வயதுக்காரரை வைத்துக்கொண்டேன். பருவ முடிவில் 9-ஆம் இடம் கிடைத்தது. பெரிய சாதனை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அதே ஆட்கள், அதே பணம், அதே நிர்வாகி. நிர்வாகி நின்று பார்த்தது ஒன்றே வேறுபாடு.

ஒருவரே கண்ட இரு முடிவுகள்

"இது வெறும் விளையாட்டுத்தானே?" என்று கேட்போருக்கு உண்மைக் காற்பந்து வரலாற்றிலிருந்து ஒரு சான்று தருவேன். பிரையன் கிளஃப் என்பவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற நிர்வாகி. 1974-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் இறுதியில் அவர் லீட்ஸ் யுனைடெட் குழுவை ஏற்றார். அக்குழு அவ்வாண்டின் லீக் வெற்றியாளர். அதனை வளர்த்த டான் ரெவி இங்கிலாந்து நாட்டுக் குழுவின் பொறுப்புக்குச் சென்றிருந்தார். லீட்ஸ் ஆடும் முறையைக் கிளஃப் முன்னரே வெளிப்படையாகக் கண்டித்து வந்தவர். பொறுப்பேற்றவுடன், அவர்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் எறியுமாறு அவர் கூறியதாக அவ்வாட்டக்காரர்கள் பின்னாளில் தெரிவித்தனர். தாம் முன்பிருந்த டார்பி குழுவிலிருந்து தம் பழைய ஆட்டக்காரர் இருவரையும் அழைத்துக்கொண்டார். ஆறு லீக் ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே லீட்ஸ் வென்றது. 44-ஆம் நாளில் கிளஃப் நீக்கப்பட்டார்.

அக்குழு அத்துணைக் கெட்டுப்போன குழுவா? அடுத்து வந்த ஜிம்மி ஆர்ம்ஃபீல்டு பெரும்பாலும் அதே ஆட்டக்காரர்களைக் கொண்டே, 1975 மே மாதத்தில் பாரிஸ் நகரில் நடைபெற்ற ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டம்வரை சென்றார். அங்கே பயர்ன் மியூனிக் குழுவிடம் 2-0 எனத் தோற்றாலும், அவ்வாட்டக்காரர்களிடம் ஆற்றல் எஞ்சியிருந்தது என்பது மெய்யாயிற்று.

அதே கிளஃப் 1975 ஜனவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவை ஏற்றார். அது இரண்டாம் பிரிவில் 13-ஆம் இடத்தில் இருந்த குழு. அங்கே ஜான் ராபர்ட்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் இருந்தார். வேகம் இல்லாதவர், உடற்கட்டைப் பேணாதவர், முன்பிருந்தவர்களால் விற்பனைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவர். கிளஃப் அவரை விற்கவில்லை. நடுத்திடலில் ஆடிவந்த அவரை இடப்பக்கத் தாக்குதலுக்கு மாற்றினார். அவரோடு விவ் ஆண்டர்சன், மார்ட்டின் ஓ'நீல், இயன் போயர், டோனி உட்காக் ஆகியோரும் கிளஃப் வருமுன்னரே அங்கிருந்தவர்கள். இவ்வைவரையும் உள்ளடக்கிய குழு 1977-இல் முதற்பிரிவுக்கு உயர்ந்து, 1978-இல் லீக் கிண்ணத்தையே வென்றது. 1979-இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் மால்மோ குழுவுக்கு எதிரான ஒரே கோலுக்குப் பந்தை உயர்த்தி அளித்தவர் ராபர்ட்சன். 1980-இல் ஹம்பர்க் குழுவுக்கு எதிரான இறுதியாட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் அவரே.

கிளஃப் புதியவர்களை வாங்கவே இல்லை என்று கூறமாட்டேன். கோல் காவலர் பீட்டர் ஷில்டனை 1977-இல் வாங்கினார். ட்ரெவர் ஃபிரான்சிசை 1979-இல் பத்து இலட்சம் பவுனுக்கு வாங்கினார். எனினும் எது இல்லை என்பது, எது இருக்கின்றது என்று அறிந்தவருக்கே தெரியும். லீட்சில் அவர் ஆட்களை அறியுமுன் தீர்ப்புச் சொன்னார். ஃபாரஸ்டில் அறிந்த பின்னர் முடிவு செய்தார். மனிதர் ஒருவரே, முடிவுகள் இரண்டு.

அண்மைக் காலத்துச் சான்றும் ஒன்று உண்டு. 2015 ஜூலையில் லெஸ்டர் சிட்டி குழுவைக் கிளாடியோ ரனியேரி ஏற்றார். முந்திய பருவத்தில் அது 14-ஆம் இடத்தில் முடிந்த குழு. அவர் உதவிப் பயிற்றுநர்களை மாற்றவில்லை. குழுவின் உயிர்நாடியையும் மாற்றவில்லை. என்கோலோ கான்டே போன்ற சிலரை மட்டும் சேர்த்தார். முன்னரே அங்கிருந்த ஜேமி வார்டி அப்பருவத்தில் 24 கோல்கள் அடித்தார். ஒரு காலத்தில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே சிறு குழுக்களில் ஆடியவர் அவர். 2016-இல் லெஸ்டர் 81 புள்ளிகளுடன் லீக் கிண்ணத்தை வென்றது.

தோட்டத்தார் அறிந்த உண்மை

பால்மரம் வெட்டிய நம் பெரியோர்க்கு இஃதொன்றும் புதிய பாடமன்று. பிறர் வெட்டிய நிரையை ஏற்றுக்கொள்ளும் தொழிலாளி, முதல் நாளில் உளியை ஓட்டுமுன் பட்டையைப் பார்ப்பார். எந்த மரத்தில் உளி ஆழமாகப் பாய்ந்து காயம் பட்டிருக்கின்றது, எந்த மரம் பால் வற்றி ஓய்வு கேட்கின்றது, எந்த மரத்தை முன்பிருந்தவர் அளவுக்கு மீறி வெட்டியிருக்கின்றார் என்று அறிந்துகொள்வார். பால் குறைந்த மரமெல்லாம் கெட்ட மரம் என்று முடிவுகட்டமாட்டார்.

மாறாக, அறியாமல் கைமாற்றுவதன் துன்பத்தையும் நம்மவர் அறிவர். 1950-களின் பிற்பகுதியிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, வாங்கியோர் நிலத்தை அளந்தனர், மரத்தை எண்ணினர், அங்கே வாழ்ந்த குடும்பங்களை எண்ணியவர் சிலரே. அந்நிலையிலேதான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழிசெய்தார். ஒன்றை ஏற்பவர் அதிலுள்ள மனிதரையும் ஏற்கின்றார் என்பதை நம் சமுதாயம் பட்டு உணர்ந்திருக்கின்றது.

நான் இழந்த கோல் காவலன்

இனி, நான் ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், வேறொரு பள்ளியில் 12 வயதுக்குட்பட்டோர் காற்பந்துக் குழுவை என்னிடம் ஒப்படைத்தனர். மாற்றலாகிச் சென்ற ஆசிரியர் 16 பெயர்களை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு குறிப்பையும் வைத்துச் சென்றிருந்தார். கோல் காவலனாக இருந்த ஒரு மாணவனின் பெயருக்கு நேராக, "சோம்பல், பயிற்சிக்குத் தாமதம்" என்று இருந்தது. முதல் பயிற்சிக்கு அவன் அரைமணி நேரம் தாமதமாக வந்தான். குறிப்பு மெய்தான் என்று எண்ணி, அன்றே அவன் பெயரை அடித்துவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனான்.

மூன்று திங்கள் கழித்து அவன் தாயார் வேறொரு காரியமாகப் பள்ளிக்கு வந்திருந்தார். பேச்சோடு பேச்சாக உண்மை வெளிப்பட்டது. தாயார் பிற்பகல் வேலைக்குச் செல்பவர். பள்ளி விட்டதும் அவன் வீட்டுக்கு ஓடி, தம்பி தங்கையருக்குச் சோறு போட்டு, அவர்களைப் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் விட்டுவிட்டுத் திடலுக்கு ஓடி வருவானாம். "பந்து பிடிக்கப் போக வேண்டும் என்று சோறுகூடத் தின்னாமல் ஓடுவான், சார். இப்போது ஏனோ போவதில்லை" என்றார் அந்த அம்மையார்.

மறுநாள் அவனை அழைத்தேன். "பரவாயில்லை, சார்" என்றான். அவன் திரும்பி வரவேயில்லை. மறு ஆண்டு அக்குடும்பம் வேறு ஊருக்குச் சென்றுவிட்டது. முன்னவர் எழுதிய இரண்டு சொற்களை நம்பினேன், ஒரு நாளைய தாமதத்தைச் சான்றாகக் கொண்டேன், "ஏன் தாமதம்?" என்று ஒரு கேள்வி கேட்கத் தவறினேன். கணினியில் நான் அனுப்பிய 33 வயதுக்காரர், ஆட்டத்தை மீண்டும் தொடங்கியவுடன் திரும்பி வந்தார். இவன் வரமாட்டான்.

விளையாட்டிலிருந்து ஏற்கக்கூடாத பாடம்

எனவே இவ்விளையாட்டைப் புகழ்ந்த நானே இதன் குறையையும் சுட்டிக்காட்டக் கடமைப்பட்டுள்ளேன். இதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் வருங்கால ஆற்றல் என்று ஓர் எண் மறைவாக வைக்கப்பட்டிருக்கின்றது. 200-ஐ உச்சமாகக் கொண்ட அவ்வெண் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே முடிவாகிவிடும். எத்துணைப் பயிற்சி அளித்தாலும் அவர் அதனைத் தாண்டி வளர இயலாது. கணினிக்கு அத்தகைய வரம்பு தேவைப்படலாம். நம் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு எவரும் அத்தகைய எண்ணை எழுதி வைக்கவில்லை. "இவன் இவ்வளவுதான்" என்று கூறும் பெற்றோரும் ஆசிரியரும், இல்லாத எண்ணைத் தாமே எழுதுகின்றனர்.

மற்றொரு கருத்தையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். "எல்லாரையும் அறிந்துகொண்டே இருந்தால் எப்போது முடிவெடுப்பது? தகுதியற்றவரையும் சுமக்க வேண்டுமா?" எனச் சிலர் வினவலாம். பருவம் தொடங்கிவிட்டால் ஆட்டம் நமக்காகக் காத்திராது என்பது உண்மைதான். நானும் மூவரை விற்றேனே! முடிவெடுக்க வேண்டாம் என்பது என் வாதமன்று. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 51-ஆம் அதிகாரமாகத் தெரிந்துதெளிதலையும், 52-ஆம் அதிகாரமாகத் தெரிந்துவினையாடலையும் வைத்தார். ஆராய்ந்து தெளிதல் முன்னது. தெளிந்தபின் வினையில் அமர்த்துதல் பின்னது. அவ்வரிசையை மாற்றாதிருத்தலே நான் வேண்டுவது. ஒரு திங்கள் பொறுத்துப் பார்த்தபின் எடுக்கும் முடிவு கடுமையானதாக இருந்தாலும் அதில் நேர்மை இருக்கும்.

முடிவுரை

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை இவ்விளையாட்டை விளையாடினால் நேரத்திற்கு ஒரு வரம்பு வையுங்கள். வீட்டுப்பாடம் முடிந்த பின்னரே கணினியைத் திறக்கச் சொல்லுங்கள். அதனோடு, ஒருநாள் அவன் அருகில் அமர்ந்து, "இவரை ஏன் விற்றாய்?" என்று கேளுங்கள். அவன் காரணம் சொல்லத் தெரிந்துகொள்வான். பின்னர் அதே கேள்வியை நம்மை நோக்கியும் நாம் கேட்டுக்கொள்வோம். அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் காட்டித் தம் பிள்ளையை ஏசுவோர், தம் பிள்ளையிடம் உள்ளது என்ன என்று ஒரு திங்கள் நின்று பார்த்ததுண்டா?

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் அடுத்த ஆண்டில் வகுப்புத் தலைவராவீர்கள். சிலர் விளையாட்டுப் போட்டியில் உங்கள் இல்லத்துக்குத் தலைமை ஏற்பீர்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத தோழர்களே உங்கள் குழுவில் இருப்பர். "எனக்குக் கிடைத்தவர்கள் சரியில்லை" என்று முதல் நாளில் சொல்லாதீர்கள். ஒவ்வொருவரும் எதில் வல்லவர் என்று எழுதிப் பாருங்கள். தாமதமாக வருபவரிடம் காரணம் கேளுங்கள். மெதுவாக ஓடுபவர் நன்றாக யோசிக்கின்றாரா என்று கவனியுங்கள். அதன் பின்னரும் குறை இருந்தால் நிரப்புங்கள்.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலையலாகாது என்று நம் முன்னோர் கூறினர். கையில் இருப்பது வெண்ணெய்தான் என்பதை அறிய, முதலில் கையைப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புதிய வகுப்பேட்டைத் திறந்த காலத்தில், பெயர்களுக்கு நேராக முன்னவர் எழுதிய குறிப்புகளையே நான் முதலில் படிப்பேன். இப்போது, பள்ளி திறந்து ஒரு திங்கள் கழியும்வரை அவற்றைப் படிப்பதில்லை. பெயர்களை மட்டும் படிக்கின்றேன். பிறகு முகங்களைப் பார்க்கின்றேன்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் மாணவர்!